தப்பா சந்திப்பு

எஸ்டோனியாவில் தப்பா என்று ஒரு ரயில் சந்திப்பு.
நமக்கு அது கேள்வி. அவர்களுக்கு ஊர்.
பின்னிரவில், எண்ணெய் வண்டிகளின் வயிற்றில்
டார்ச் அடித்து எண் குறித்தபடி போகிறாள் ஊர்வே.
கணக்குப் படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டவள்;
வகுக்கும் பழக்கத்தை விடவில்லை.

பதினாறாவது வண்டியில்
73939133.
புகைப்படத்தில் மட்டுமே பார்த்த ஆள்
எதிரே வந்ததுபோல் நின்றுவிட்டாள்.

கையுறை விரலால் கடைசி 3-ஐ மறைத்தாள்:
மிச்சம் பகா எண்.
இன்னொன்றையும் மறைத்தாள். பகா எண்.
வாலை அறுக்க அறுக்க உயிரோடிருக்கும் பல்லி.
739. 73.
கடைசியில் 7,
அப்போதும் யாருக்கும் பங்கு தராமல்.
வலப்பக்கம் இனி எந்த இலக்கம் ஒட்டினாலும் கெட்டுவிடும்;
இந்தச் சாதியில் இதுவே பெரியது.
சக்கரத்தை ஒருமுறை தட்டிக்கொடுத்தாள்.

அறைக்குள் கணினி ஏற்கவில்லை.
எட்டாவது இலக்கம் முன்னால் போகும் ஏழுக்கும் காவல்,
ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்துக் கூட்டினால்
இங்கே 4 வர வேண்டுமாம்.
“போய்ப் பார்த்துட்டு வா” என்றான் ரைவோ,
தேநீரிலிருந்து தலை தூக்காமல்.

தேய்த்துப் பார்த்தாள். 4-தான்.
பனியும் ஆசையும் சேர்ந்து அதை வளைத்திருந்தன.
இரட்டைப்படை. ஆறால் கூசாமல் வகுபடும்
சாதாரண எண்ணெய் வண்டி.

அந்த எண்ணோடு ஒரு வண்டி
இந்த அகலத் தண்டவாளத்தில் ஓடவே முடியாது.
ஆனாலும் நாலு நிமிஷம் நின்றது.

தாளில் 3-ஐ அடித்து 4 எழுதினாள்.
கோடு மெல்லியது.