வாய்ட் டெக்கில் ஒரு குகை

இந்தத் தீவில் குகை இல்லை.
இருக்கிற ஒரு குன்றுக்கும் தார்ச்சாலை போட்டுவிட்டோம்.
புலாவ் ஹந்துவில் இறங்கினால்
என் முழங்கையே எனக்குத் தெரியாது.
ஆனாலும் நாற்பத்தாறு வயதில்
குகைக்குள் நீந்தவேண்டும் எனக்கு.
காப்பீட்டுப் படிவம் கேட்டது:
ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா?
'இன்னும் இல்லை' என்று எழுதினேன்.
அப்படியொரு கட்டமே இல்லையென்று
திருப்பி அனுப்பினார்கள்.

ஊபி தொழிற்பேட்டை, ஆறாவது மாடி,
உறைந்த மீன் கம்பெனிக்கு அடுத்த கதவு.
கடைக்கார ஜெர்வின் ஒரு விளக்கைக்
கூரையில் அடித்தார்.
பட்டப்பகலில் வெள்ளையாய் ஒரு வட்டம்.
"இது ஒன்று போதும் மேடம், சூரியன்."
விலையும் அந்த உயரத்தில்தான்.
கெடுகிற வரைக்கும்தான் ஒன்று என்பது ஒன்று.
சின்னதாய் மூன்று கேட்டேன்.
அவர் சூரியனை அணைத்து
உறையில் போட்டார்.

பயிற்சிக்கு இரண்டு பேர்.
ஒருவர் நான்கே நாளில் அட்டை நிச்சயம் என்றார்,
விமானச் சீட்டோடு சேர்த்தால் தள்ளுபடி.
போனில் காட்டிய படங்களில் எல்லாம்
அவர் உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

இன்னொருத்தி ஷியூ மின்.
என்னைவிடப் பதினேழு வயது சின்னவள்.
எத்தனை முறை பாதியில் திரும்பியிருக்கிறாய்?
அது ஒன்றுதான் கேட்டேன்.
நோட்டை எடுத்தாள், எண்ணத் தொடங்கினாள்.
அவள் முன்னாலிருந்த கோப்பி ஓ
ஆறிப்போனது.
அவளிடம் பணம் கட்டினேன்.

காற்றை மூன்றாய்ப் பிரி என்றாள்.
ஒன்று போக.
ஒன்று வர.
மூன்றாவது உன்னுடையதல்ல,
கூட வருகிறவர் மூச்சு முட்டினால் அவருடையது.
என் சம்பளம் ஞாபகம் வந்தது.
மாதம் பத்தாம் தேதிக்குள்
மூன்றாவதையும் நானே தின்றுவிடுகிறேன்.

சிலிண்டர் இரண்டும் முதுகிலா,
விலாவுக்கு ஒன்றாகவா?
என் இடுப்பின் நான்காம் எலும்பைக் கேட்டோம்.
விலா என்றது.
ஆசையாய் வாங்கிய ரோஜா நிறத் துடுப்புகளை
மருமகனுக்குக் கொடுக்கச் சொன்னாள்:
வண்டலைக் கிளப்பும்,
கிளம்பினால் மூன்று விளக்கும் ஒன்றுதான்.
மூன்று வாரம் தெம்பனிஸ் குளத்தில்
தரைக்கு ஒரு சாண் மேலே
தவளையாய் உதைத்தேன்.
ஓட்டில் கிடந்த ஒரு தலைமுடி
அசையாத அன்று தலையாட்டினாள்.

பிறகு, நூல்.

ஞாயிறு காலை, பூன் லே, எங்கள் புளோக்கின் வாய்ட் டெக்.
தூணிலிருந்து தபால்பெட்டிக்கு,
அங்கிருந்து சைக்கிள் கம்பிக்கு,
முழங்கால் உயரத்தில் வெள்ளை நூல்.
அதில் மாட்டிய அம்புகள்
நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்ப்பதில்லை,
வாசலைத்தான் பார்க்கும்.
முகக்கண்ணாடிக்குள் அலுமினியத் தாள்.
விரல்களை வளையமாக்கி நூலில் கோத்துக்
குனிந்து நடந்தேன்.
சதுரங்கக் காய் நகரும் சத்தம்.
லிஃப்ட் தன் மாடியைச் சொன்னது.
யாரோ, "கண் ஆபரேஷனா?" என்றார்.
முதல் முடிச்சு. அம்பு. இரண்டாம் முடிச்சு.

அப்புறம் நூல் இல்லை.

விரல் வளையத்துக்குள் வெறும் காற்று.
இது பாடத்தில் இன்னும் வரவில்லையே.
ஷியூ மின்னைக் கூப்பிட வாய் திறந்து மூடினேன்.
தண்ணீருக்குள் யாரைக் கூப்பிடுவது?
நின்றேன்.
இடுப்பிலிருந்த சின்னச் சுருளை எடுத்துக்
கையில் தட்டுப்பட்ட கால்வாய்க் கம்பியில் கட்டி,
கட்டியது நிற்கிறதா என்று இழுத்துப் பார்த்து,
ஒரு கை தரையில்,
ஒரு கை முகத்துக்கு முன்னால்,
மெல்ல இடது பக்கம்.
எதுவுமில்லை. திரும்பிக் கம்பிக்கு.
மெல்ல வலது பக்கம்.
ஈரமான ரப்பர் பூட்ஸ்.

"மேடம், இது உங்க நூலா?"
துப்புரவு செய்கிற ஷஃபிகுல்.
யாராவது தடுக்கி விழுவார்களே என்று
தபால்பெட்டியிலிருந்து அவிழ்த்து
அழகாய்ச் சுற்றி வைத்திருந்தார்.
என் உள்ளங்கையில் அதன் நுனியை வைத்தார்.

தாளை நான் இன்னும் எடுக்கவில்லை.
ஏதோ ஒரு தூணுக்குப் பக்கத்தில்
ஷியூ மின்னின் பேனா
நோட்டில் எழுதுகிற சத்தம்.
என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை.
மூச்சு எத்தனை செலவாகியிருக்கும் என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.