நூற்றெண்பது தாண்டி

கரும்பலகையில் நேர்கோணம் வரைந்து
நூற்றெண்பது பாகை என்று எழுதும் இந்தக் கை
முழங்கையில் நூற்றுத் தொண்ணூற்றாறுக்குப் போகும்.
பெரியாஸ்பத்திரியில் அளந்தார்கள்,
என் மேசை லாச்சியில் கிடப்பது போன்ற
ஒரு பாகைமானியால்.

பள்ளிக்கூடத்தில் இது வித்தை.
பெருவிரலை மணிக்கட்டில் படுக்கவைத்தால்
உப்புத்தூள் போட்ட மாங்காய்த் துண்டு ஒன்று கிடைக்கும்.
நல்ல வளைவு என்றார் நடன ரீச்சர்.
சமதரையில் ஏன் விழுகிறாய் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
நானும்தான்.

"உங்கட கால் எங்க நிக்குதெண்டு
உங்களுக்கு உள்ளுக்கால தெரியிறது குறைவு" என்றார்
சிஃபானா மிஸ்.
"கண்தான் பாத்துப் பாத்துச் சொல்லுது.
எங்க, கண்ண மூடுங்க."
மூடினேன்.
உவர்மலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

ஆக, முப்பத்தெட்டு வயதில் வீட்டுப்பாடம் எனக்கு:
மடித்த துவாயின் மேல் ஒற்றைக்கால்,
முழங்காலைப் பின்னுக்குப் பூட்டாமல்.
பிறகு கண் கட்டி, உள்ளங்காலால் வாசிக்க வேண்டும்:
சாக்கு. தும்புத் தடுக்கு. ஈரச் சீமெந்து.
நகுலேசன் ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்துவிட்டு
பூவா தலையா என்கிறான்.
போடா என்றேன்.
ஆனாலும் பெருவிரல் சற்று நேரம் தேடியது.

காலையில் டச்சுக்குடாவில் பயிற்சி.
கரைவலைக்காரர் கயிற்றில் சாய்ந்து
பின்பக்கமாகவே நடந்து வருகிறார்கள்.
ஒருவரும் கீழே பார்ப்பதில்லை.
குதிகால் மணலைத் தொட்டதும்
எவ்வளவு புதையும், எப்போது நிற்கும் என்று
அதற்கே தெரிந்திருக்கிறது.
கொக்குப்போல நிற்கும் என்னைப் பார்த்து
"நேத்திக்கடனோ தங்கச்சி?" என்றார் ஒருவர்.
ஓம் என்றுவிட்டேன், விளக்கம் நீளம்.

திரும்பும் வழியில் கோட்டை வாசலில் ஒரு மான்
மூன்று காலில் நின்றபடி
நாலாவதால் காதைச் சொறிந்தது.
பொறாமையை வேறெப்படிச் சொல்ல.

முதல் கிழமை நாலு விநாடி.
ஆவணியில் ஒன்பது.
பிறகு கணுக்கால் பிரண்டு, மறுபடி மூன்று.
வரைபுத்தாளில் குறித்தால் என் மாணவர்கள்
இது எந்தச் சார்பும் இல்லை மிஸ் என்பார்கள்.

நேற்றிரவு குளிக்கும்போது
முகத்தில் சவர்க்காரம்.
இத்தனை வருடமும் கண் மூடுமுன்
இடது கை சுவரைத் தேடிப் போய்விடும்.
நேற்று அது வாளிக்குள்ளேயே இருந்தது.
நுரை கண்ணிமையில் வெடித்துக்கொண்டிருக்க
இருட்டுக்குள் கீழே எங்கோ
வலது கால், பிறகு இடது கால்,
இருக்கிறோம் என்றன,
கொஞ்சம் கொன்னையாக.

ஆறு எண்ணினேன்.
பிறகு சுவர்.