தொண்ணூறு மில்லி

குறைந்தது தொண்ணூறு மில்லி வேண்டும் என்றார் அதிகாரி.
மூடி கழற்றிய குப்பியை வாங்கிக்கொண்டு
பிரிட்டோ என்னைப் பார்த்தான்.
டாஸ்மாக் வாசலில் அதை நைன்ட்டி என்போம்.
சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தது
அறிக்கையில் மூன்றாம் பத்தியாக இருக்கிறது.

எனக்கு வரவில்லை.
கொடைக்கானல் குளிரில்
நூற்றுப் பன்னிரண்டு கிலோ உடம்பு
சுவரைப் பார்த்து நின்றது.
ஏழு தம்ளர் தண்ணீர்.
கதவைச் சாத்தக் கூடாதாம்,
பின்னால் ஓர் ஆள் பார்த்துக்கொண்டே இருப்பாராம்.
ஜன்னலுக்கு வெளியே ஏரியில்
தேனிலவு ஜோடி ஒன்று
பெடல் படகை ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

முந்தின இரவு
வட்டக்கானலில் ஒரு பையன்
செய்தித்தாளில் சுருட்டித் தந்த காளானில்
ஈரமண் வாசம்.
பிஸ்வஜித் தேனில் தோய்த்துத் தின்றான்.
பிரிட்டோ ரம்மோடு விழுங்கினான்.
நான் தின்னவில்லை.
விசாரணையில் இதை மூன்று முறை சொன்னேன்.
கிளப் வேனின் சாவி
என் சட்டைப் பையில் இருந்தது என்பதை
ஒரு முறையும் சொல்லவில்லை.
கேட்டான், கொடுத்தேன். அவ்வளவுதான்.

பூம்பாறை சாலையில், பனிக்குள்,
நட்சத்திரங்கள் ரோட்டில் கிடக்கின்றன என்று
பிரிட்டோ வண்டியை ஒடித்தான்.
நீலத் தார்ப்பாய் போட்ட கடை.
ஆளில்லை, நல்லவேளை.
அடுப்பு, பெஞ்சு, ஆறு அட்டை முட்டை.
ஹெட்லைட் வெளிச்சத்தில் மஞ்சள் கரு
கீழே பள்ளத்தை நோக்கி
நிதானமாக இறங்கிப் போனதைப் பார்த்தேன்.
அதை விட்டு என்னால் கண்ணெடுக்க முடியவில்லை.

ஸ்க்ரமில்
இடத்தில் பிரிட்டோ, வலத்தில் நான்,
நடுவே எங்கள் தோள்களில் தொங்கும் பிஸ்வஜித்.
ஒருவன் கால் வழுக்கினால்
மூன்று கழுத்துக்கும் ஆபத்து.
விசாரணை மேசையில்
எங்களுக்கிடையே இரண்டிரண்டு நாற்காலி காலி.
ரக்பியில் பந்தைப் பின்னால்தான் எறியலாம்.
அன்று எல்லோரும் விதிப்படி ஆடினோம்.
மேலாளர் பயிற்சியாளரைப் பார்த்தார்,
பயிற்சியாளர் என்னைப் பார்த்தார்,
நான் பிரிட்டோவை.
அவனுக்குப் பின்னால் யாருமில்லை.
கொஞ்ச நேரம் கையை விரித்துப் பார்த்துவிட்டு
ஆமாம் சார் என்றான்.

ஒப்பந்தம் ரத்து, போலீஸ் வழக்கு வேறு, அவனுக்கு.
பிஸ்வஜித்துக்கு ஓராண்டுத் தடை.
வராந்தாவில் நின்று போனில் ஒடியாவில் பேசினான்,
பாபா என்ற சொல் மட்டும் புரிந்தது,
அதற்குப் பிறகு அவன் பேசவில்லை, கேட்டுக்கொண்டே நின்றான்.
எனக்கு எட்டு ஆட்டம்.
முன்மாதிரி வீரர், ஒத்துழைப்பு நல்கினார் என்று
கடிதத்தில் நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள்.

நான்காம் ஆட்டம் எதிர்த்த ஊரில் நடந்த அன்று
பஸ் ஏறிப் பூம்பாறை சாலைக்குப் போனேன்.
தார்ப்பாய் இப்போது பச்சை.
குணவதியக்கா பெயரைப் பலகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்,
விசாரணைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.
பணத்தை நீட்டினேன். எண்ணினார்.
முட்டைக் காசை மட்டும் எடுத்துக்கொண்டு
மீதியைத் திருப்பினார்.
“அடுப்புக்கும் பெஞ்சுக்கும் அந்தத் தாடிக்காரத் தம்பி
பைக்க வித்துக் குடுத்துட்டுப் போயிருச்சு.”

மணப்பாட்டில் அந்த பைக்கில்தான்
அவன் தங்கை காலேஜ் போனாள்.

“வண்டி ஓட்டுனது நீயில்லல்ல?
பெறகு நீ எதுக்குக் குடுக்குற?”

பம்ப் அடுப்பு இரைந்தது.
அவர் வெங்காயத்தை அள்ளிப் போட்ட நேரம் பார்த்து
சாவி என்கிட்டதான் இருந்துச்சு என்றேன்.

“என்ன?”

மிளகு கொஞ்சம் தூக்கலா போடுங்கக்கா
என்றேன்.