கூட்டக் குறிப்பில் இல்லாதது

சமுகம் தந்தோர் இருபத்து மூன்று பேர்.
கொப்பியில் அப்படித்தான் இருக்கிறது.
இருபத்து நாலாவதாக
வாசலில் ஒரு மான் நின்றதை நான் எழுதவில்லை.
பஸ் நிலையத்தில் கோவா இலை தின்று அலுத்து
மழைக்கு எங்கள் கழகத் தாழ்வாரத்தில் ஒதுங்கிய
பொட்டை மான்.

விடயம்: புதிய கோச்.
பழையவர் தவரூபன்.
இரவில் ஐஸ் கொம்பனி, பின்னேரத்தில் எங்கள் பெடியள்.
இறுதிப் போட்டியில் ஐந்துக்குச் சைபர்.
விசிலைக் கழற்றிக் கோல் கம்பத்தில் கொழுவிவிட்டுச்
சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்,
ஏறாமல்.

முதலில் எழும்பியது குகதாசன்.
மீன் சந்தைக்கென்று வளர்ந்த தொண்டை
நாலு சுவருக்குள் அடங்காது.
"அந்தாளின்ர பேரை இனி இஞ்ச எடுக்கப்படாது.
ஐஸ் உடைக்கிறவன்
ரீமையும் உறைய வைச்சிட்டான்."
சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.

"சீனன்குடா சமிந்தவைக் கேப்பம்,
விமானப்படைக்கு விளையாடினவன்" என்றான் றொமியல்.
கொஞ்ச நேரம் காற்றாடி மட்டும் பேசியது.
பிறகு பின்வாங்கிலிருந்து ஒரு குரல்:
"ஆள் நல்லவன்தான்."
அந்தத் 'தான்' இல் இருந்தது
முப்பது வருசம்.

"அப்ப கிண்ணியா நிஹ்மத்?"
"எங்களுக்கே நாலு கோல் அடிச்சவன்."
"அதாலதான் சொல்லுறன்,
எங்கட ஓட்டையெல்லாம் அவனுக்குப் பாடம்."
"பாலம் தாண்டி வாறதுக்குப் பெற்றோல் ஆர் குடுக்கிறது?"
பொருளாளர் லாச்சியைத் திறந்து காட்டினார்.
காற்றடிக்கிற ஊசி ஒன்று, ரசீது இரண்டு.
மூடினார்.

இடையில் கனடாவிலிருந்து பிறேமகாந்தன்,
ஸ்பீக்கரில்.
இரண்டு கம்பத்துக்கும் வலை வாங்கித் தந்தவர்,
ஆகவே கேட்டோம்.
"இடப்பக்கம் ஓடுறவனை முன்னுக்கு விடச் சொல்லுங்கோ,
அவன்தான் எங்கட உயிர்."
இடப்பக்கம் ஓடினவன் கட்டாருக்குப் போய்
ஐந்து வருசம்.
"ஓம் அண்ணை" என்றோம்,
எல்லோரும் ஒரே குரலில்.
அன்றைய கூட்டத்தில்
நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

ஒன்பதரைக்கு வாக்கு.
மகளின் கணக்குக் கொப்பியில் கிழித்த கட்டத்தாள்,
சப்பாத்துப் பெட்டி.
எண்ணியது நான்.

நிஹ்மத் எட்டு.
சமிந்த ஐந்து. (கை உயர்த்தச் சொல்லியிருந்தால்
ஒன்றுகூட விழுந்திராது.)
தலைக்கு ஒன்றாய் ஒன்பது பேருக்கு ஒன்பது,
அந்த ஒன்பது பேரும் அறைக்குள்தான் இருந்தார்கள்.
ஒன்று என்னுடைய பெயர்,
என்னுடைய எழுத்து.

கடைசித் துண்டு:
தவரூபன்.

அந்த 'ரூ' வை எனக்குத் தெரியும்.
வால் நீண்டு, சுழன்று,
தன் தலையிலேயே வந்து முட்டுகிற ரூ.
விடியற்காலையில் சந்தைப் பலகையில் பார்க்கிறதுதான்.
பாரை கிலோ ரூ. 1800.
சூரை ரூ. 1100.

நிமிர்ந்தேன்.
குகதாசன் துவாயால் கழுத்தைத் துடைத்தபடி
சுவரில் மாட்டிய குழுப்படத்தில்
யாரையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அது ஆருக்கு?" என்றார் தலைவர்.
என் கதிரை வாசலோடு ஒட்டிக் கிடந்தது.
கையைப் பின்னால் தொங்கவிட்டேன்.
முதலில் ஈர மூக்கு,
பிறகு சொரசொரத்த நாக்கு.
"ஒண்டும் எழுதேல்ல" என்றேன்.
பின்னால் மெல்லுகிற சத்தம்
எனக்கு மட்டும் கேட்டது.

கொப்பியில்:
செல்லாத வாக்கு ஒன்று.
எவருக்கும் பாதி கிடைக்கவில்லை.
வருகிற ஞாயிறு மீண்டும் கூடுவது.
பிளேன்டீச் செலவு ரூ. 920.
(என் ரூவுக்கு வால் கிடையாது.)

கதவைப் பூட்டும்போது மழை விடவில்லை.
குகதாசனின் மோட்டார் சைக்கிள் மட்டும்
வீட்டுப் பக்கம் திரும்பாமல்
ஐஸ் கொம்பனி ஒழுங்கைக்குள் இறங்கியது.
நாளைக்கு மீனுக்கு
ஐஸ் வேணும்தானே.