கடைமடையில் நாற்பத்திரண்டு வோல்ட்

டிரான்ஸ்பார்மரை மன்னார்குடியில் சுற்றி வாங்கினேன்.
முப்பது, பூஜ்யம், முப்பது. ஐந்து ஆம்பியர்.
"ஆம்ப்ளிஃபயர் யாருக்கு?" என்றார் அருளப்பன்.
எனக்கு என்றதும்
இன்னொரு முறை பார்த்துவிட்டு
வார்னிஷ் காய நாலு நாளாகும் என்றார்.
பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன், மூன்றரைக் கிலோ.
துண்டு சுற்றியிருந்ததால்
ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள்.
நானும் உட்கார்ந்துவிட்டேன்.

கூடு, கொள்முதல் நிலையத்தில் கழித்துப்போட்ட
எடைமெஷினுடையது. கேட்டுத்தான் எடுத்தேன்.
நாற்பது கிலோ நாற்பது கிலோ என்று
காட்டிக் காட்டியே கண் போனது அதற்கு.
சீசனில் அங்கே பில் போடுகிற கை இது.
ஈரம் பதினேழைத் தாண்டினால்
மூட்டையைத் திருப்பச் சொல்லிப் பழகியது.
சால்டரிங் அயர்ன் பிடிக்க ஒரு மாதம் நடுங்கியது.

தபாலில் வந்த டிரான்சிஸ்டர் எட்டு.
எழுத்தை நகத்தால் சுரண்டினால் மூன்றில் உதிர்ந்தது.
தூற்றாமலே தெரிந்துவிட்டது,
மூன்று பதர்.

பிரிட்ஜ் டயோடு மதகு மாதிரி,
ஒரு பக்கம்தான் விடும்.
கண்டென்சர் இரண்டும் குளம்:
பத்தாயிரம் மைக்ரோஃபாரட், அறுபத்துமூன்று வோல்ட்.
இதற்கு மேல் உவமை வேண்டாம்.
குளத்தில் விரல் விட்டால் மீன் கடிக்கும், அவ்வளவுதான்.

முதல் தடவை நேராகச் செருகவில்லை.
நூறு வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டேன்.
பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும்.
மங்கவில்லை.
குணபாலன் போர்வைக்குள்ளிருந்து
"வெடிக்குமா?" என்றார்.
"பல்பு இருக்குல்ல" என்றேன்.
ஹீட் சிங்க்கில் துளை போட்டபோது நின்ற பிசிறு
மைக்காவைக் கிழித்திருந்தது.
தவிட்டில் பாதி இருக்கும் அந்தப் பிசிறு.
அரம் போட்டுத் தேய்த்து, வெள்ளைப் பசை தடவி,
புது மைக்கா, மறுபடி பல்பு.
எரிந்தது. யோசித்தது. மங்கியது.

அப்புறம் இரைச்சல்.
வால்யூமை முழுக்க மூடினாலும்
ம்ம்ம் என்று அடித்தொண்டையில்.
பத்து ராத்திரி தேடினேன்.
கறுப்பு வயர்கள் ஆளுக்கொரு மூலையில்
தங்களுக்கென்று ஒரு தரையை வைத்துக்கொண்டிருந்தன.
எல்லாவற்றையும் பிடுங்கி
இரண்டு கண்டென்சருக்கும் நடுவே
ஒரே போல்ட்டில் முறுக்கினேன்.
ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டினேன்.
ஒன்றுமில்லை.
"பாட்டு வரலையா?"
"ஒண்ணுமே வரலைங்க!" என்று கத்தினேன்.
சிரிக்கிறேனா அழுகிறேனா என்று
எழுந்து வந்து பார்த்தார்.

இரண்டு மணிக்கு டொப் என்றது ஸ்பீக்கர்.
மாசிலாமணி வயல் மோட்டார், ஸ்டார்ட்டர் விழுந்த சத்தம்.
மீட்டரில் இருநூற்றிருபது நூற்றெழுபதாகி
என் நாற்பத்திரண்டு முப்பத்திரண்டுக்கு இறங்கியது.
கடைமடைக்குத் தண்ணீர் கடைசியில்தான் வரும்.
கரண்டும் அப்படித்தான்;
லைன் முடிகிற கம்பத்தில் எங்கள் வீடு.
ஒரு தவில் பதிவைப் போட்டுப் பார்த்தேன்.
தொப்பிப் பக்கம் ஓங்கும்போதெல்லாம்
நிமிர இடமில்லாமல் தலை இடித்துக் கரகரத்தது.

போய்ச் சொல்லலாம். என்ன சொல்ல?
அரிச்சந்திரா நதியில் முழங்கால் தண்ணீர்.
முறை மாறினால் நாளைக்கு அதுவும் இல்லை.
அவர் நாற்றுக்கு இன்றோடு பதினெட்டு நாள்;
டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.
வால்யூமைக் குறைத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து சுவிட்சையும் அணைத்தேன்.
குளங்கள் வடிய, சிவப்பு விளக்கு
மெதுவாக, மிக மெதுவாகப் போனது.

ஜன்னல் வழியாக வருகிறது
ம்ம்ம் என்று மோட்டார்,
பத்து ராத்திரி நான் துரத்திய அதே சுருதி.
இதை எந்த போல்ட்டில் கட்டுவது.
ஸ்பேனர் இன்னும் கையில்தான் இருக்கிறது.