அரை லிட்டர் ஞாயிறு

செவ்வாய், வியாழன், சனி
செந்தூல் டயாலிசிஸ் நிலையத்தில்
என் இரத்தம் என்னை விட்டு வெளியே போய்
நான்கு மணி நேரம் சுற்றிவிட்டு வரும்.
ஞாயிறு, நான் சுற்றலாம்.

விரோஷினிக்குப் பன்னிரண்டு முடிகிறது.
கேட்டது ஒன்றே ஒன்று:
பேரங்காடிக் கூரைமேல் புதிதாய்த் திறந்த கேளிக்கைப் பூங்கா.
“நீங்களும் வரணும்ப்பா. கீழ கார்லயே உட்கார்ந்திருக்கக் கூடாது.”

நுழைவாயிலில் பையைத் திறந்தார் கக் நோர்லிசா.
வெளிச்சாப்பாடு கூடாதென்று
மூன்று மொழியில் சொன்னது பலகை.
தமிழில் சொல்லாததால்
புரியாதவன்போல் நடிக்கலாமா என்று ஒரு கணம்.
டாக்டரின் கடிதத்தை நீட்டினேன்.
அவர் அதை விட்டு டப்பாவைப் படித்தார்:
இருமுறை வேகவைத்து வடித்த முட்டைக்கோஸ்,
வெள்ளைச் சோறு,
மஞ்சள் நீக்கிய இரண்டு முட்டை.
“காராம் தாடா?”
அவர் மொழியில் அது உப்பு. என் காதுக்குக் காரம்.
இரண்டும் இல்லை கக், என்றேன்.
ஜிப்பை அவரே மூடி
என் மடியில் வைத்தார் பையை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
நாற்பத்தாறு வருஷம்
ஒருவர் விடாமல் நினைத்து நினைத்தே
ஓய்ந்துபோயின இரண்டு சிறுநீரகமும்.

போத்தலில் கறுப்பு மார்க்கர் கோடுகள்.
ஒரு நாளைக்கு அரை லிட்டர்.
பதினோரு மணிக்கே வெயில்
என் கணக்கில் முதல் கோட்டைக் குடித்திருந்தது.
இளநீர். பீசாங் கோரெங். உருளைக்கிழங்கின் எண்ணெய் வாசம்.
நட்சத்திரப் பழச்சாறு ஒரு கோப்பை ஏழு வெள்ளி.
எனக்கு மட்டும் விலை வேறு.

ராட்டினத்தடியில் அய்மான் என்ற பையன்
படிவத்தைப் பார்த்துக் கேட்டான்:
ஆபத்து நேரத்தில் நீங்களாகவே இறங்க முடியுமா?
இடது காற்சட்டை முழங்காலில் மடித்து ஊக்கு குத்தியிருந்தது.
பொய் சொல்ல இடமில்லை.

அதோ, சௌகிட் பக்கம்
கண்ணாடி போர்த்திய நாற்பத்தேழு மாடி,
அதன் இரும்பெல்லாம் என் கைவழி ஏறியது.
பதினாறு வருஷம் கோபுரக் கிரேனில்.
மழை மேலிருந்து அல்ல, பக்கத்திலிருந்து வரும் உயரம்.
தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டுமே என்று
குடிக்காமலே ஓட்டிய பகல்கள்.
போத்தல் கணக்கு அப்போதும் உண்டு.
அந்த உயரத்தில் கால்வாசி வருமா இந்த ராட்டினம்?

சொல்லவில்லை.
“சட்டம் அங்கிள்” என்று தலையைச் சொறிந்தான்.
தெரியும் தம்பி.
பெல்ட் போடாதவனை நானும் ஏற்றியதில்லை.

“அப்போ எனக்கும் வேணாம்” என்றாள் விரோஷினி,
கண் மட்டும் மேலே.
போம்மா.
மேல ஒருத்தர், கீழ ஒருத்தர். கிரேன் அப்படித்தான் ஓடும்.

வாடகைச் சக்கர நாற்காலியைப் பூட்டினேன்.
அவள் பெட்டி தரையை விட்டதும்
என்னைக் கேட்காமலே எழுந்தது வலக்கை.
சுட்டுவிரல் வானம் பார்த்துச் சிறு வட்டம்: தூக்கு.
மேலே இடக்கையைக் குடையாய்ப் பிடித்தால்: மெதுவாக.
மேலிருந்தே பார்த்த சைகைகள்.
கீழே சைகைக்காரர் சுகெங்கின் மஞ்சள் கையுறை
எனக்கு ஓர் எறும்பு.
எறும்பு நில் என்றால் நிற்பேன்,
பத்து டன்னோடு.

உச்சியில் நின்றது ராட்டினம்.
டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து
அவளும் ஆட்டினாள் கையை.
பிறகு போன்.
“உங்க கட்டடம் தெரியுதுப்பா.
ஆனா பின்னாடி இன்னொண்ணு, அத விட ஒசரமா.”
கிரேன் இருக்கா?
“ரெண்டு.”
ஆள்?
“ஞாயித்துக்கெழமப்பா. யாரும் இல்ல.”

ஒரு மூடித் தண்ணீரை
விழுங்காமல் நாக்கில் வைத்துக்கொண்டு
விரலைத் தரைநோக்கித் திருப்பினேன்: இறக்கு.

அது தன்பாட்டில் இறங்கத் தொடங்கியது.