முன்னிருக்கை

படிவத்தில் எடை கேட்டிருந்தார்கள்.
எழுபத்தெட்டு என்று எழுதினேன்.
கீழே, மரணம் உட்பட எதற்கும்
நிறுவனம் பொறுப்பல்ல என்ற வரிக்கு
யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

நொலூவோ என்னை ஒருமுறை பார்த்தாள்.
படிவத்தைப் பார்க்கவில்லை.
கனமானவர் பின்னால், என்றாள்.
ஹெர்மானஸின் பழைய துறைமுகத்தில்
படகு என் பக்கம் தாழ்ந்து
சரியான எண்ணைத் தண்ணீரில் எழுதிக் காட்டியது.
முன்னிருக்கையில் செண்பகவல்லி.
சிரித்தாளா தெரியாது,
தோள் மட்டும் குலுங்கியது.

நீந்தத் தெரியுமா?
கோவில்பட்டிக்காரனுக்குக் கிணறு தெரியும்.
கிணற்றுக்குச் சுவர் உண்டு,
சுவரைத் தடவிக்கொண்டே போனால்
எங்கேயாவது படி வரும்.
இதையெல்லாம் சொல்ல என் ஆங்கிலம் போதாது.
தெரியும், என்றேன்.
அது அன்றைக்கு இரண்டாவது பொய்.

இருவர் படகுக்கு
இங்கே விவாகரத்துப் படகு என்று பெயராம்.
முன்னால் இருப்பவர் தாளம்,
பின்னால் இருப்பவர் திசை,
சண்டை இருவருக்கும் பொது.
நொலூவோ இதைத் தினமும் சொல்கிறாள் போல,
சிரிப்புக்காக நிற்காமல் போய்விட்டாள்.

பதினெட்டு வருடத்தில்
இவளுடைய முதுகை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.
ஆரஞ்சு மிதவைச் சட்டை,
அதற்கு மேலே பிடரியில் ஒரு மச்சம்.
எப்போது வந்தது?
கேட்கலாம்தான்.
காற்று என் வாய்க்குள் அடித்தது.

கழற்றிப் போட்ட சைக்கிள் டியூப் மாதிரி
கடற்பாசித் தண்டுகள் மிதந்தன.
அவற்றின் நடுவே தலை நீட்டிய கடல்நாய்
வரிசையில் புகுந்தவனைப் பார்ப்பதுபோல்
எங்களைப் பார்த்தது.
எனக்குத் தோள்பட்டை விட்டுப்போனது.
துடுப்பை மடியில் போட்டேன்.
அவளுக்குக் கண் கடலில்.
படகு பாட்டுக்குப் போனது.
கொஞ்சம் கழித்து இன்னொரு முறை.
அப்புறம் இன்னொரு முறை.

குகை வாய் வந்தது.
பின்பக்கமாக நுழையுங்கள், என்றாள் நொலூவோ,
முகம் கடலுக்கு இருக்கட்டும்,
வருகிற அலையை யாராவது பார்க்க வேண்டும்.
பெரிய அலைகள் ஐந்தை எண்ணிக் கழித்தாள்.
இப்போது.

ஆகவே முதலில் நான், முதுகு முன்னாக,
எதையும் பார்க்காமல் இருட்டுக்குள்.
பழைய மீன் வாடை, ஈரச் சுண்ணாம்பு வாடை.
சுவரெல்லாம் நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம்.
உள்ளே எங்கோ ஆழத்தில்
மூடிய அண்டாவைக் குத்துவதுபோல் தண்ணீர்
திம்மென்று ஒரு தரம்,
பிறகு நீளமாய் ஒரு பெருமூச்சு.

கத்த வேண்டாம், நீர்க்காகங்கள் கூட்டில் இருக்கின்றன.
யாரும் கத்தவில்லை.
என் வயிறு மட்டும் இரைந்தது,
குகை அதைப் பெரிதாக்கித் திருப்பித் தந்தது.

வெளிச்சம் முழுவதும் அவளுக்கு அந்தப் பக்கம்.
எனக்கு அவள் ஒரு கருத்த ஓரக்கோடு,
காதருகே பிரிந்த நாலு மயிர் மட்டும் பொன்.
வருது, என்றாள்.
கடல் எங்களைத் தூக்கியது.
பாறைக் கூரை என் தலைக்கு ஒரு சாண்.
குனிந்தேன்.
போச்சு, என்றாள்.
இறங்கினோம்.
வருது.
போச்சு.
வீட்டில் இத்தனை சுருக்கமாக
எதையும் பேசி முடித்ததில்லை நாங்கள்.
எவ்வளவு நேரம் என்று கணக்கில்லை.
துடுப்பு மறுபடியும் என் மடியில் இருந்ததைக்
குளிர்ந்த பிறகுதான் கவனித்தேன்.

கரையில் ரூயிபோஸ் தேநீர், காய்ந்த ரஸ்க்.
நொலூவோ படகுகளைக் கவிழ்த்து
மண்ணை அலசிக்கொண்டிருந்தாள்.

மூணு தரம் நிறுத்தினீங்க, என்றாள் செண்பகவல்லி.
திரும்பிப் பார்த்தியா?
எதுக்குப் பார்க்கணும், படகு கனத்துச்சே.

நாலு தரம், என்றேன்.
ஏன் திருத்தினேனோ.

ரஸ்க்கை நனைத்தாள்.
அதன் பாதி கோப்பைக்குள்ளேயே விழுந்தது.
நாலாவது உள்ளே வச்சு, என்றாள்,
விரலால் அதைத் துழாவிக்கொண்டே.
அது சேர்த்தியில்லை.
அங்க நானும்தான் நிறுத்தியிருந்தேன்.